அந்த ஹோண்டுராஸ் அம்மாவுக்கு நான் சரியான கவுன்சலரா?

கேள்வி:

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி ஹூஸ்டன் வந்து, இங்கேயே கவுன்சலிங்கில் முதுகலை முடித்தேன். இப்போது லைசென்ஸுக்காக மேற்பார்வையில் வேலை பார்க்கிறேன். எங்களுடையது சின்ன சமூக க்ளினிக். வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடார், குவாதமாலாக்காரர்கள். ஸ்பானிஷ் கல்லூரியில் கொஞ்சம், பிறகு நானாகக் கொஞ்சம் என்று கற்றுக்கொண்டேன். கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் தடையில்லாமல் பேசுவேன்.

நாற்பதைத் தாண்டிய ஒரு ஹோண்டுராஸ் அம்மா என்னிடம் வருகிறார். இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. ஊரில் அவருடைய தாயார் இறந்தபோது போக முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை வேலையிடத்தில் அலறி அழுது, உடம்பு நடுங்கிக் கீழே விழுந்திருக்கிறார். எமர்ஜென்சியில் இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி, ‘பேனிக் டிஸார்டர்’ என்று எழுதி எங்களிடம் அனுப்பினார்கள். அவர் தனக்கு ‘நெர்வியோஸ்’ (நரம்புக் கோளாறு) என்கிறார். முதல் தடவை மொழிபெயர்க்கப் பதினாலு வயது மகளைக் கூட்டிவந்தார். இப்போது நானே ஸ்பானிஷில் பேசுகிறேன். நான் எதைச் சொன்னாலும் ‘சீ, தொக்தோரா’ (ஆமாம், டாக்டர்) என்பார். கொடுத்த பயிற்சி ஒன்றையும் செய்வதில்லை. ஆனால் வாரம் தவறாமல் வருகிறார். ரொட்டியில் பீன்ஸ் வைத்து மடிக்கும் பலேயாதா செய்து எடுத்துவருகிறார். மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறார்.

குடும்பம், பெரியவர்களிடம் மரியாதை, சாமி, சாப்பாடு எல்லாம் நம் ஊர் மாதிரியே இருப்பதால் எனக்கு அவரை நன்றாகப் புரிகிறது என்று நினைத்தேன். என் பாட்டி இறந்தபோது நானும் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன் என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்துவிட்டது. என் சூப்பர்வைசருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ‘உன் ஸ்பானிஷ் போதாது, இன்டர்பிரட்டர் வைத்துக்கொள்’ என்கிறார். நான் தொடரலாமா, இல்லை வேறொருவரிடம் அனுப்பிவிட வேண்டுமா?

பதில்:

தொடருங்கள். ஆனால் சில விஷயங்களை மாற்றிக்கொண்டு தொடருங்கள். (அந்த அம்மாவின் அடையாளங்களை நீங்களே மாற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். மேலே போடும்போது நானும் இன்னும் கொஞ்சம் மாற்றிவிட்டேன்.)

முதலில் ‘வேறொருவர்’ என்பவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் எடுத்த கணக்கில், ஸ்பானிஷில் சிகிச்சை தர முடியும் என்று சொன்ன உளவியலாளர்கள் 5.5 சதவீதம். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் 4 கோடிக்கும் மேல். டெக்சாஸ் வேறு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம். காப்பீடு இல்லாமல் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண்ணை வேறிடத்துக்கு அனுப்புவதென்றால் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியலுக்குத்தான் அனுப்புகிறோம். உங்களிடம் அவர் வாரம் தவறாமல் வருகிறார். அதை லேசில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சூப்பர்வைசர் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் உங்கள் ஸ்பானிஷ் இல்லை, ‘எல்லாம் நம் ஊர் மாதிரியே’ என்ற வரி. கலிஃபோர்னியாவில் இதே வேலையில் இருக்கும் எனக்கு, புதிதாக வரும் இந்தியக் கவுன்சலர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்டுப் பழகிய வரி அது. ஒற்றுமை பொய் என்று சொல்லவில்லை. ஒற்றுமை தெரிந்தவுடன் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஒஹையோவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ‘உங்கள் ஊரில் அம்மா இறந்தால் என்ன செய்வார்கள்?’ என்று கேட்டிருப்பார், ஏனென்றால் அவருக்குத் தெரியாது. நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

அந்த வாட்ஸ்அப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பாட்டியின் சாவுக்குப் போகாததற்கு விடுமுறை, டிக்கெட், தூரம் என்று ஏதாவது காரணம் இருந்திருக்கும். அடுத்த விடுமுறையில் போய்ப் படத்துக்கு மாலை போட்டிருப்பீர்கள். அந்த அம்மாவின் நிலைமை உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு சட்டம் தெரியும். 1996இல் வந்த குடியேற்றச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் அனுமதி இல்லாமல் இங்கே இருந்த ஒருவர் நாட்டை விட்டு வெளியே போனால் 10 வருடம் திரும்பி வர முடியாது. தாயை அடக்கம் பண்ணப் போனால் மகளைப் பத்து வருடம் பிரிய வேண்டும் என்ற கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கலாம். ‘நானும்தான் போகவில்லை’ என்று நீங்கள் சொன்னபோது அந்தக் கணக்குக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. அடுத்த தடவை, ‘அன்றைக்கு என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு நடந்தது வேறு. உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கலாமா?’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னாலும் சிகிச்சைக்குத் தேவையில்லாத வரை குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி) குடும்பங்களில் ஆளை ஆளாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம்பிக்கை வரும். அதற்குப் பெயர் பெர்சொனலிஸ்மோ. எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் உண்டா என்று கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் சொன்னபடி ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டால் மூஞ்சியில் கதவைச் சாத்தின மாதிரி. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அவர் கதைக்குத் திரும்புங்கள். (திருநெல்வேலிக்காரரான நீங்கள் கிறிஸ்தவராகவே இருந்தாலும் உங்களை ‘இந்து’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பலர் பேச்சில் இந்தியர் எல்லாருமே இந்து. அவர்களுக்கு நாம் அப்படித் தெரிகிறோம். நமக்கு ‘லத்தீனோ’ என்றால் ஒரே ஜனமாகத் தெரிகிறது.)

சாமி விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். அந்த அம்மா கத்தோலிக்கராக இருந்தால், அடக்கம் முடிந்து ஒன்பது இரவு வீட்டில் ஜெபமாலை சொல்லும் நொவெனாரியோ அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கும். அக்கம்பக்கம் வந்து உட்காரும், காபி போடுவார்கள், அழுகைக்கு ஒரு நேரமும் இடமும் இருக்கும். அதில் தான் இல்லையே என்பது சாவை விடப் பெரிய உறுத்தலாக இருக்கலாம். ஹூஸ்டனிலேயே ஒரு நண்பர் வீட்டில் தாமதமாகவாவது அதை நடத்தலாமா என்று அவரோடு யோசிக்கலாம். சிலருக்கு அது நாம் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும் விட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஹோண்டுராஸில் இவாஞ்சலிக்கல் சபைக்காரர்கள் கத்தோலிக்கர்களுக்கு ஏறக்குறைய சரிசமமாக இருக்கிறார்கள். அவர் அந்தச் சபை என்றால் ஜெபமாலை, மாதா என்று நீங்கள் எடுத்ததுமே சங்கடப்படுவார். அப்போது கேட்க வேண்டிய ஆள் பாஸ்டர், சபைப் பெண்கள். கடிதத்தில் ‘சாமி’ என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சாமி, எந்தச் சபை?

குடும்பமும் அப்படித்தான். குடும்பம் என்றால் தாங்கிப் பிடிப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குடும்பமே முதல் என்ற ஃபமிலிஸ்மோ பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சவப்பெட்டிக்கும் அடக்கத்துக்கும் பணம் அனுப்பியது யார்? அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அக்காவோ தங்கையோ இப்போது தொலைபேசியில் என்ன சொல்கிறார்? பணம் அனுப்புகிறவள் சாவுக்கு வரவில்லை என்று ஒரு சொல் விழுந்திருந்தால் அதுவே அவரை முறித்துப் போட்டிருக்கும். ஊகித்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள்.

இப்போது அந்த ‘நெர்வியோஸ்’. எமர்ஜென்சியில் எழுதிக்கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’ என்று கரீபியனிலும் லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களிலும் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றாக இருக்கலாம். அலறல், கட்டுக்கடங்காத அழுகை, நடுக்கம், நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறும் சூடு, சிலருக்கு மயக்கம் போல விழுவது. 1950களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் புவேர்ட்டோ ரிக்கோ சிப்பாய்களிடம் இதைப் பார்த்து ‘புவேர்ட்டோ ரிக்கன் சிண்ட்ரோம்’ என்று முத்திரை குத்தினார்கள். 1985இல் அந்தத் தீவில் பெருமழையும் மண்சரிவும் வந்தன. பின்னால் மானிடவியலாளர் பீட்டர் குவார்னாச்சியாவும் கூட்டாளிகளும் அங்கே எடுத்த கணக்கில் சுமார் 16 சதவீதம் பேர் தங்களுக்கு அத்தாக்கே வந்ததுண்டு என்றார்கள். 1994இல், அமெரிக்காவில் மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டி.எஸ்.எம். நான்காம் பதிப்பின் சொற்பட்டியலில் இது ஏறியது. 2013இன் ஐந்தாம் பதிப்பிலும் இருக்கிறது.

பேனிக் என்றால் பெரும்பாலும் காரணமில்லாமல் திடீரென்று வரும். செத்துவிடுவோம் என்ற பயம் நடுவில் நிற்கும். அத்தாக்கே பெரும்பாலும் ஒரு சம்பவத்தைத் தொட்டு வரும். சாவு, பிரிவு, வீட்டில் சண்டை என்று எதுவாகவும் இருக்கும், பயம் இல்லாமலும் வரலாம். சாவு வீட்டில் ஒரு மகள் இப்படி அலறி விழுந்திருந்தால் சுற்றி இருக்கும் பெண்கள் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்திருப்பார்கள். இவருக்கு அது ஆளில்லாத அலுவலகத்தில், ராத்திரியில், யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடும் இடத்தில் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் கலாச்சாரம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடக் கூடாது. இதயத்தைப் பார்த்தார்கள், வலிப்பைப் பார்த்தார்களா? விழும்போது நினைவு போனதா, நாக்கைக் கடித்தாரா, எவ்வளவு நேரம் என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் மருத்துவருக்கு எழுதுங்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, ஊரில் கொலை, மிரட்டல் ஏதாவது பார்த்தாரா என்பதையும் மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தாக்கே வந்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அந்தக் கேள்வியை அடுத்த செஷனிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைத்து 2ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள் என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் எது என்று நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டியதில்லை. டி.எஸ்.எம். ஐந்திலேயே 16 கேள்விகள் கொண்ட ‘கல்ச்சுரல் ஃபார்முலேஷன் இன்டர்வியூ’ இருக்கிறது. இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், வீட்டில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள், இதுவரை எதெல்லாம் உதவியது என்று அது கேட்கும். உங்களைப் போல ‘எனக்கு ஏற்கெனவே புரிகிறது’ என்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும்.

சரி, உங்கள் ஸ்பானிஷ். கடையில் பேசுகிற ஸ்பானிஷ் இந்த அறைக்குப் போதாது. ரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு. குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால் டெக்சாஸில் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆகவேண்டும். இதை அவர் பயந்து எழுந்து போகாதபடி ஸ்பானிஷில் விளக்க உங்களால் முடிகிறதா? தற்கொலை பற்றிக் கேட்டு, ‘கடவுள் கூப்பிட்டுக்கொண்டால் தேவலை’ என்கிற மாதிரி சுற்றி வரும் பதிலைப் பிடிக்க முடிகிறதா? அழுதுகொண்டே ஊர்ப் பேச்சில் வேகமாகச் சொல்லும்போது பின்னாலேயே போக முடிகிறதா? முடியாத இடங்களுக்கு இன்டர்பிரட்டர் வேண்டும், அதில் வீம்பு வேண்டாம். பேட்டியின் மொழி மாறினால் நோயின் அளவே மாறித் தெரியும். 1973இல் மனநல மருத்துவர் லூயிஸ் மார்க்கோஸும் கூட்டாளிகளும் ஸ்பானிஷ் தாய்மொழியான ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளை இரண்டு மொழியிலும் பேட்டி எடுத்தார்கள். ஆங்கிலத்தில் பேசியபோது நோய் அதிகமாக மதிப்பிடப்பட்டது. 1981இல் மெக்சிகோ வழி அமெரிக்க நோயாளிகளிடம் பார்த்தபோது நேர்மாறு: ஸ்பானிஷில்தான் அதிகம் வெளிவந்தது.

இன்டர்பிரட்டர் வந்தால் முன்னால் ஐந்து நிமிடம் அவரோடு பேசி, இன்றைக்கு எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பேசும்போது பார்வை அந்த அம்மா மேல் இருக்கட்டும். ‘அவரிடம் கேளுங்கள்’ என்று சொல்லாமல் நேராக அவரிடமே கேளுங்கள். ஒரே சர்ச்சுக்குப் போகிறவரோ ஒரே ஊர்க்காரரோ வந்தால் அந்த அம்மா வாய் திறக்க மாட்டார். அந்த நிலையில் ஊர்பேர் தெரியாத தொலைபேசி இன்டர்பிரட்டரே மேல்.

மற்ற நேரத்தில் உங்கள் அரைகுறை ஸ்பானிஷ் ஒரு விதத்தில் உங்களுக்குச் சாதகம். ‘அந்தச் சொல் எனக்குத் தெரியாது, விளக்குங்கள்’ என்று கேட்கும்போது அவர் சொல்லிக்கொடுக்கிறவர் ஆகிறார், நீங்கள் கற்றுக்கொள்கிறவர் ஆகிறீர்கள். ‘சீ, தொக்தோரா’ கொஞ்சமாவது தளரும். ஒன்று, நீங்கள் டாக்டர் இல்லை என்பதையும் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். மரியாதைக்கு ‘உஸ்தெத்’திலேயே (‘நீங்கள்’) பேசுங்கள், நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசி வளர்ந்த நமக்கு அது வரும். ஹோண்டுராஸில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் போட்டுப் பேசுகிறவர்கள் நிறைய. அதனால் அவர் அப்படிப் பேசுவதை ஒட்டாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகளை மொழிபெயர்க்க வைத்தது இனி எப்போதும் வேண்டாம். மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவ இடங்களில், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சிறுபிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் விதியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், செத்துப்போக நினைத்தாயா என்று தாயிடம் மகள் வாயால் கேட்க வைப்பதா? வங்கியிலும் பள்ளியிலும் அந்தப் பெண்தான் ஏற்கெனவே வீட்டுக்கு வாயாக இருப்பாள். அவளுக்கும் தனியாக ஒரு மணிநேரம் தேவைப்படலாம். அவள் ஆங்கிலத்தில் பேச விரும்பினால் ஆங்கிலத்திலேயே பேசட்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஸ்பானிஷ் தடுமாறும், அதில் வெட்கமும் உண்டு. லத்தீனோ பெயரைப் பார்த்ததும் ஸ்பானிஷில் ஆரம்பிப்பது அவர்களுக்குப் பரீட்சை வைப்பதாகிவிடும். மயாமியில் உளவியலாளர் ஹோசே சபோச்னிக் 1970களிலிருந்து கியூபக் குடும்பங்களோடு வேலை செய்து கண்டது, பிள்ளை அமெரிக்காவுக்குள் வேகமாகப் போக, பெற்றோர் பின்தங்க, அந்த இடைவெளியிலேயே சண்டை முளைக்கிறது என்பது. இந்த வீட்டிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இந்த அம்மாவுக்கு இல்லை, உங்கள் க்ளினிக்குக்கு. குவாதமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகள். மாம், கிச்சே பேசி வளர்ந்தவருக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மாம் பேசுகிறவர்கள் பெரிய சமூகமாகவே இருக்கிறார்கள். படிவத்தில் ‘ஹிஸ்பானிக்’ என்று இருக்கும், நீங்கள் ஸ்பானிஷில் கேட்பீர்கள், அவர் தலையாட்டுவார். புரிந்துதான் தலையாட்டினார் என்று நினைக்காதீர்கள்.

பயிற்சி செய்யாததற்கு வருகிறேன். நிபுணரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு, அதனால் ‘சீ’. அந்த ‘சீ’யைச் சம்மதம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ‘இந்தத் தாளைக் கொடுத்தால் சிலர் இது வெட்டிவேலை என்கிறார்கள். உங்கள் அக்கா பார்த்தால் என்ன சொல்வார்?’ என்று மூன்றாமவர் மேல் வைத்துக் கேட்டால் உண்மை வரும். ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு விடிகாலையில் வருகிறவர் எண்ணங்களை எழுதும் கட்டத்தை எப்போது நிரப்புவார்? எழுதப் பழக்கம் உண்டா என்பதையாவது கேட்டீர்களா? தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து வரச் சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த பழமொழி ஒன்றைக் கேட்டு அதை வைத்து வேலை செய்வதும் நல்ல வழி. லத்தீனோ சிகிச்சையாளர்கள் இந்த ‘தீச்சோ’க்களை நிறையப் பயன்படுத்துகிறார்கள். பழமொழியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும்.

உளவியலாளர் குயெர்மோ பெர்னாலும் கூட்டாளிகளும் 1995இல் ஒரு சட்டகம் கொடுத்தார்கள். ஒரு சிகிச்சையை லத்தீனோ மக்களுக்குப் பொருத்தும்போது மொழி, ஆட்கள், உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், சூழல் என்று எட்டைப் பார்க்கச் சொன்னார்கள். நீங்களும் சூப்பர்வைசரும் முதல் ஒன்றிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இலக்குதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. விழுவது நிற்க வேண்டும் என்பது உங்கள் இலக்கு, எமர்ஜென்சியின் இலக்கு. அவருக்கு எது? வேலை போகாமல் இருப்பதா, மகளின் விழாவில் விழாமல் நிற்பதா, அம்மாவிடம் ஏதோ ஒரு வகையில் மன்னிப்புக் கேட்பதா? இதைத் தெரிந்துகொண்டால் பயிற்சியும் மாறிவிடும்.

‘சுஸ்தோ’ (பயந்த கோளாறு) என்று சொல்லிக் குரந்தேரா என்ற நாட்டு வைத்தியப் பெண்ணிடம் போய் முட்டையும் மூலிகையும் வைத்துத் துடைத்துக்கொள்வதைப் பற்றி அவரோ மற்றவர்களோ சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அது உங்கள் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு மெக்சிகோ வழக்கத்தில் கொடுக்கும் அசர்க்கோன், க்ரேத்தா என்ற ஆரஞ்சு, மஞ்சள் பொடிகள் ஈயம். அதைக் கேள்விப்பட்டால் அன்றைக்கே குழந்தையின் மருத்துவரிடம் சொல்ல வையுங்கள்.

பலேயாதாவை வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறையே, சில சமூகங்களில் சின்னப் பரிசு நன்றிக்கும் மரியாதைக்கும் அடையாளம் என்று ஒப்புக்கொள்கிறது. வாங்கியதைக் குறிப்பில் எழுதுங்கள். விழாவுக்குப் போவதையும் அந்த நெறிமுறை ஒரேயடியாகத் தடுக்கவில்லை; முன்னாலேயே சூப்பர்வைசரோடு பேசி, நன்மை தீமையை எழுதிவைத்துவிட்டு முடிவெடுக்கலாம். போனால் அங்கே உங்களை யாரென்று அறிமுகம் செய்வது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கின்சென்யேரா என்ற அந்தப் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவில் கேக்குக்கு ஒருவர், உடைக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று ஞானப்பெற்றோர் மாதிரி செலவை ஏற்கும் பத்ரீனோக்கள் உண்டு. உங்களை ஒன்றுக்கு மத்ரீனாவாக (பெண் பத்ரீனோவாக) இருக்கச் சொன்னால் அது அழைப்பு இல்லை, உறவு. அதை மட்டும் மறுத்துவிடுங்கள், ஏன் என்று காரணத்தையும் சொல்லி.

2025 ஜனவரியில், மருத்துவமனை, பள்ளி, சர்ச் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் பொதுவாகக் கைது செய்யாமல் தவிர்த்து வந்த கொள்கையை விலக்கிக்கொண்டார்கள். உங்கள் க்ளினிக்குக்கு அதிகாரிகள் வந்தால் வரவேற்பு மேசையில் இருப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? பயமான வாரங்களில் தொலைபேசியிலேயே செஷன் வைக்க முடியுமா? இரண்டையும் தெரிந்துகொண்டு அந்த அம்மா கேட்கும் முன்னால் நீங்களே சொல்லுங்கள். நம்பிக்கை பற்றி எவ்வளவு பேசினாலும் இதற்கு ஈடாகாது.

கடைசியாக உங்கள் சூப்பர்வைசர். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாததால் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். பொறுப்பு மட்டும் சட்டப்படி அவருக்கும் உண்டு. அவர் பதறுவது அதனால்தான். அம்மாவின் சம்மதத்தோடு சில செஷன்களைப் பதிவு செய்து, ஸ்பானிஷ் பேசும் அனுபவமுள்ள கவுன்சலர் ஒருவரைக் கேட்கச் சொல்லி, மாதம் ஒரு மணிநேரமாவது அவரோடு பேச ஏற்பாடு கேளுங்கள். சான் அந்தோனியோவில் ‘ஆவர் லேடி ஆஃப் தி லேக்’ பல்கலைக்கழகம் ஸ்பானிஷில் உளவியல் சேவை தருவதற்கென்றே பயிற்சி நடத்துகிறது. அங்கிருந்து வந்தவர்கள் டெக்சாஸில் வேலை பார்க்கிறார்கள், விசாரியுங்கள். குறிப்பு எழுதும்போது முக்கியமான வரிகளை அந்த அம்மா சொன்ன ஸ்பானிஷிலேயே வைத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். ‘பேஷன்ட் ஆங்ஷியஸ்’ என்று மட்டும் எழுதினால் அடுத்து வருகிறவருக்கு அந்த அம்மா சொன்ன எதுவும் கிடைக்காது. லைசென்ஸுக்கு நீங்கள் முடிக்க வேண்டிய 3,000 மணிநேரத்தில் இந்த வேலையும் சேரும்; அதனால் அந்த ஆலோசனைக்கான செலவை க்ளினிக் ஏற்குமா என்று கேளுங்கள். இருமொழியில் வேலை செய்வதற்குக் கூடுதல் சம்பளம் உண்டா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.